பதினோராம் நம்பர் வெளியே

2025 ஜனவரி 18

இ-சேவை சென்டரில் இன்று கூட்டமே இல்லை. பொங்கல் கழிந்த களைப்பு போல. பட்டா நகல் கேட்டு ஒருவர், ஆதாரில் பெயர் திருத்த ஒருவர், அவ்வளவுதான். மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்டேடியத்துக்குப் போனேன். காலிதா அக்கா எனக்கு முன்பே வந்து லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தார். கீழக்கரையில் காலேஜ் பி.டி. டீச்சர். ஒரு காலத்தில் பாஸ்கெட்பாலில் ஸ்டேட் பிளேயர். இப்போது ஆட்டக் கணக்குப் பதிகிற ஸ்டாட்ஸ் டேபிளில் எனக்கு ஜோடி.

ஜோடி என்றால், அவர் கோர்ட்டைப் பார்ப்பார், நான் ஸ்கிரீனைப் பார்ப்பேன். "நாலு, ரெண்டு பாயிண்ட், மிஸ். ஒம்பது, ரீபவுண்ட்" என்று அவர் சொல்லச் சொல்ல நான் தட்டிக்கொண்டே போகவேண்டும். கூடையில் விழாமல் தெறிக்கிற பந்தைப் பிடித்தால் அது ரீபவுண்ட். தலையைத் தூக்கக்கூடாது. தூக்கினால் அடுத்த ரெண்டு பந்து போச்சு. ஆறு வருசமாகத் தங்கச்சி ஜோதியின் மேட்சுக்கெல்லாம் போகிறேன். துணைக்குப் போனவளைத்தான் சும்மா ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று இந்த டேபிளில் உட்கார வைத்தார்கள். அவள் ஆடி நான் பார்த்தது ரொம்பக் கொஞ்சம். கேட்டதுதான் அதிகம்.

அடுத்த மாசம் 22ஆம் தேதி முதல் மேட்ச். பெண்களுக்கு மாசச் சம்பளம் கொடுத்து நடத்துகிற லீக், அதன் முதல் ஆட்டமே நம்ம ஊரில். எங்கள் டீம் சேது வேவ்ஸ், எதிரே கோயமுத்தூர் டீம். பதினோராம் நம்பர் என் தங்கச்சி நாகஜோதி. "வரலாறுடி, நம்ம கையால தட்டப்போறோம், ஒரு தப்பு வரக்கூடாது" என்றார் அக்கா. எனக்கு அப்போதே பயம் பிடித்துவிட்டது. நான் அப்படித்தான். பஸ் லேட்டானாலே பள்ளத்தில் கவிழ்ந்திருக்கும் என்று நினைக்கிறவள்.

ஜனவரி 26

ஜோதி விழுந்துவிட்டாள்.

பயிற்சி முடித்து வந்து ஷூவைக் கழற்றக்கூட இல்லை. தண்ணீர்க் குடத்துப் பக்கம் குனிந்தாள், அப்படியே சரிந்தாள். ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவான உடம்பு. சத்தம் கேட்டு கீழ்வீட்டுக்காரம்மா என்ன விழுந்தது என்று கேட்டார். குடம் என்று சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

கண் திறந்திருந்தது. பார்வை இல்லை. எத்தனை நேரம் என்று தெரியாது, எனக்கு அது ஒரு வருசம். பிறகு எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லக்கா, காலையில சாப்பிடல" என்றாள். காலையில் நாலு தோசை சாப்பிட்டாள். நான்தான் சுட்டேன்.

ஜனவரி 27

இது முதல் தடவை இல்லையாம். மூன்றாவது தடவையாம். ஒன்று திருச்சி ஹாஸ்டலில், ஒன்று நவம்பரில் பரமக்குடி பஸ் ஸ்டாண்டில். ரெண்டும் ஓடி முடித்த பிறகுதான்.

"யார்ட்டயும் சொல்லிறாத. சொன்னா டீம்ல இருந்து தூக்கிருவாக. அப்புறம் நான் என்ன செய்யிறது, நம்ம காட்டுல மிளகாய் பறிக்கவா?" என்றாள். நயினார்கோவில் நாகநாதர் மேல் சத்தியம் வாங்கிவிட்டாள். அவளே அந்த சாமியிடம் வேண்டிப் பிறந்தவள். நானும் கையை நீட்டிக் கொடுத்துவிட்டேன்.

ஜனவரி 30

அம்மாவிடம் போனில் பேசும்போது ஜோதி கொஞ்சம் சோர்வாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். "பேப்பர்ல போட்டோ வந்துச்சுல்ல, ஊருக் கண்ணு பூரா அவ மேலதான். உப்பு மிளகாய் எடுத்து சுத்திப் போடு" என்றார். சுத்திப் போட்டேன். மிளகாய் வெடித்து நான்தான் இருமிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துக்கொண்டே பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தாள்.

சித்தப்பா நினைவு வந்துகொண்டே இருக்கிறது. அய்யாவின் தம்பி, கூத்தையா. முப்பத்தொரு வயசு. மாட்டைப் பிடிக்க ஓடியவர் வரப்பிலேயே விழுந்து போய்விட்டார். வெயில் அடித்துவிட்டது என்றார்கள். மார்கழி மாசத்தில் என்ன வெயில்? இதை இத்தனை வருசத்தில் நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

பிப்ரவரி 2

டீமுக்கு மெடிக்கல். எடை, உயரம், ரத்த அழுத்தம், ரத்தம் எடுத்தார்கள். நான் கதவுப் பக்கம் நின்றேன். "மயக்கம் கியக்கம் வந்திருக்கா?" என்று விவரம் எழுதிக்கொண்டிருந்த தம்பி கேட்டான். "இல்ல" என்றாள். குரலில் ஒரு நடுக்கம் இல்லை. திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

பிப்ரவரி 5

நெட்டில் தேடக்கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். தேடிவிட்டேன். ஓடும்போது மயக்கம், குடும்பத்தில் சின்ன வயசுச் சாவு — ரெண்டையும் சேர்த்துப் போட்டால் என்ன வருகிறது என்று இங்கே எழுத மாட்டேன். எழுதினால் நடந்துவிடும் போல இருக்கிறது. போனைத் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டு அதன் மேலேயே படுத்துக்கொண்டேன், ஏதோ அதற்குள் இருந்து வெளியே வந்துவிடும் மாதிரி.

பிப்ரவரி 10

இன்று சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினேன். கோச் மருதுபாண்டி சார் கிரவுண்டில் தனியாகத்தான் இருந்தார். பந்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். "வாங்க லெட்சுமி, என்ன விசயம்?" என்றார். ஜெர்சி நம்பர் லிஸ்ட் வேண்டும் என்றேன். போன வாரமே கொடுத்துவிட்டேனே என்றார். ஆமா சார், தொலைச்சிட்டேன் என்றேன். தொலைக்கவில்லை. என் பையிலேயே இருந்தது.

வெளியே வந்து கேட்டுப் பக்கம் சர்பத் கடையில் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். சத்தியத்துக்குப் பயப்படுகிறேனா, அவளுக்குப் பயப்படுகிறேனா? சொல்லி, ஒன்றுமே இல்லை என்று ஆகி, அவள் வாழ்க்கையைக் கெடுத்தவள் ஆகிவிடுவேனோ என்றும் பயம். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயம்தான். பயத்தில் எது பெரியது என்று அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 14

மதுரைக்குப் போய் ஒரு ஸ்கேன் மட்டும் எடுத்துவிட்டு வருவோம் என்று கெஞ்சினேன். யாருக்கும் தெரியாது, காலையில் போய் சாயங்காலம் வந்துவிடலாம் என்றேன்.

"மேட்ச் முடியட்டும், வாரேன்."

"முன்னாடி போனா என்ன?"

"ஏதாச்சும் இருக்குன்னு சொல்லிட்டா?"

அப்போதுதான் தெரிந்தது, அவளுக்கும் பயம் என்று. எனக்கு அவள் செத்துப்போவாளோ என்று பயம். அவளுக்கு ஆடமுடியாமல் போய்விடுமோ என்று பயம். ஒரே வீட்டில் ரெண்டு பேரும் வேறு வேறு பயத்தை வைத்துக்கொண்டு ஒரே சட்னியைத் தொட்டுச் சாப்பிடுகிறோம்.

பிப்ரவரி 17

இன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. நல்லபடியாகச் சாப்பிட்டாள், நல்லபடியாகத் தூங்கினாள்.

பிப்ரவரி 21

அய்யாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்துவிட்டார்கள். அம்மா எலுமிச்சம்பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்திருக்கிறார், டீமுக்கே திருஷ்டி கழிப்பாராம். அய்யாவுக்கு மிளகாய்க் காட்டை விட்டுவந்த கவலை. "பந்தை அந்தக் கூடையில போடணும், அம்புட்டுத்தானே?" என்று ஜோதியைக் கேட்டார். அம்புட்டுத்தான்யா என்றாள். அவர்கள் சிரிக்கிறார்கள். நான் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்குகிற சாக்கில் அழுதேன்.

சொல்லவில்லை. நாளைக்கு மேட்ச். கடவுளே, நாகநாதா, நாளை ஒருநாளை மட்டும் கடத்திவிடு.

பிப்ரவரி 23

காலை. எழுதினால்தான் நேற்று நடந்தது எனக்கே நம்பிக்கையாகும்.

ஸ்டேடியம் நிரம்பி வழிந்தது. கீழக்கரை, மண்டபம், தங்கச்சிமடம் என்று வேன் வேனாக வந்திருந்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை. காலிதா அக்கா பிஸ்மி சொல்லி ஆரம்பித்தார். முதல் பாதி எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது, என் விரலுக்குத்தான் தெரியும். "பதினொண்ணு, ரெண்டு பாயிண்ட், உள்ள. பதினொண்ணு, ரீபவுண்ட். பதினொண்ணு, ரீபவுண்ட்." ஒவ்வொரு பதினொண்ணுக்கும் அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நான் மனசுக்குள் ஒரு டிக் போட்டுக்கொண்டேன். பதினொண்ணு கேட்காத நேரமெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். இடைவேளையில் அக்கா சொன்னார், "ஒந்தங்கச்சி இன்னிக்கு யாருக்கும் அடங்க மாட்டேங்கிறா."

மூன்றாவது குவார்ட்டரில்தான் அது. அக்கா டேபிளில் வேறு பேச்சே பேசமாட்டார். நேற்றுப் பேசினார். "பதினொண்ணு ஏன் முழங்காலைப் பிடிச்சிக்கிட்டு குனிஞ்சு நிக்கிறா?"

அதற்கு ஸ்கிரீனில் பட்டன் கிடையாது. என் விரல் தானாகப் போனது. பதினொன்றைத் தொட்டு வெளியே போட்டேன், ஏழாம் நம்பரை உள்ளே போட்டேன். யாரும் சொல்லவில்லை. கோர்ட்டில் யாரும் மாறவில்லை. நானாகவே போட்டேன். போட்டதும் ஒரு நிம்மதி வந்தது பார், அதை என்ன சொல்ல. ஸ்கிரீனில் அவள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"பதினொண்ணு, ஸ்டீல்" என்றார் அக்கா. எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்திருக்கிறாள்; தட்டுவதற்குப் பதினொன்று இல்லை.

"பதினொண்ணு, லே-அப், உள்ள. போடு லெட்சுமி."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அக்கா திரும்பி ஸ்கிரீனைப் பார்த்தார்.

"ஏழு எப்ப உள்ள வந்துச்சு? பதினொண்ணை யாரு வெளிய எடுத்தது?"

"நான்தான் எடுத்தேன்."

"ஏண்டி?"

அப்போதுதான் வாய் திறந்தது. "அவ மயங்கி விழுறாக்கா. மூணு தடவை விழுந்திட்டா. எங்க சித்தப்பா இப்படித்தான் செத்தாரு. அவளை வெளிய எடுக்கச் சொல்லுங்கக்கா." கோர்வையாக வந்ததா என்று தெரியவில்லை. அக்கா ஒரு கேள்வி கேட்கவில்லை. "யா அல்லா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து மேட்ச் கமிஷனரிடம் போனார். ஆட்டம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. பந்து வெளியே போனால்தான் நிறுத்த முடியும். சொல்ல ஆளில்லாமல் நானே தலையைத் தூக்கிப் பார்த்து, நானே தட்டினேன். கண்ணீரில் ஒரு ஜெர்சியும் ஒழுங்காகத் தெரியவில்லை. ஜோதி மட்டும் தெரிந்தாள். ஓடிக்கொண்டிருந்தாள்.

ஊதல் சத்தம். ஆம்புலன்ஸ் டாக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். நாடி பிடித்தார், நெஞ்சில் குழாயை வைத்தார், கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை. ஜோதி, "நல்லாத்தான் இருக்கேன் மேடம், யாரு சொன்னது?" என்றாள். டாக்டர் தலையை ஆட்டினார், ஆடக்கூடாது என்று. மருதுபாண்டி சார் அவள் தோளைத் தொட்டார். அவள் தட்டிவிட்டாள். பிறகு நேராக எங்கள் டேபிளைப் பார்த்தாள்.

அந்தப் பார்வையைப் பற்றி எழுத மாட்டேன்.

அக்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். "முன்னாடி போட்டதை அழிச்சிரு. ஸ்டீலையும் லே-அப்பையும் அவ பேர்ல போடு. நடந்ததை நடந்தபடி போடணும்." போட்டேன். பிறகு அதே குரலில், எப்போதும் சொல்கிற மாதிரி, "பதினொண்ணு வெளியே. ஏழு உள்ளே" என்றார். மறுபடியும் தட்டினேன். இந்தத் தடவை நிஜம்.

மேட்ச் முடிகிறவரை தட்டிக்கொண்டேதான் இருந்தேன். வேலை அப்படி. முடிந்ததும் அக்கா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். ஐஸ் மாதிரி இருக்கு என்றார்.

பிப்ரவரி 25

மதுரை. ஸ்கேன் பார்த்த டாக்டர் வயசானவர், அவசரமில்லாமல் பேசினார். இதயத்தில் ஒரு பக்கச் சதை தடித்திருக்கிறதாம். பிறவியிலேயே வருவதாம். ஓடும்போது துடிப்பு தாறுமாறாகப் போய்விடும், நின்றும் போகலாம். "இனிமே போட்டியில ஆடவே கூடாதும்மா" என்றார். ஜோதி ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் யாராவது சின்ன வயசில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று கேட்டார். அய்யா, "எந்தம்பி. அவனுக்கு வெயில் அடிச்சிருச்சின்னுதான் சொன்னாக" என்றார். பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அய்யா அழுது நான் பார்த்ததில்லை.

மார்ச் 3

நெஞ்சுத் தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி வைத்திருக்கிறார்கள். துடிப்பு தப்பினால் அதுவே அதிர்ச்சி கொடுத்துத் திருப்பிவிடுமாம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் முடிந்தது, அதற்கான ஓட்டமெல்லாம் என் தொழில்தானே, ஓடினேன்.

ஜோதி என்னிடம் பேசுவதில்லை. "அவளைத் தண்ணி எடுத்துத் தரச் சொல்லும்மா" என்கிறாள், நான் பக்கத்தில் நிற்கும்போதே.

மார்ச் 8

பேசவில்லை. டீமில் அவள் இடத்துக்கு வேறு பெண்ணை எடுத்துவிட்டார்கள். ஜெர்சியைத் திருப்பிக் கேட்கவில்லை. அவள் அதைத் துவைக்க விடமாட்டேன் என்கிறாள்.

மார்ச் 11

எங்கள் எல்லாருக்கும் ஸ்கேன். அய்யாவுக்கு லேசாக இருக்கிறதாம், மாத்திரை கொடுத்தார்கள். அம்மாவுக்கு இல்லை, எனக்கு இல்லை. உனக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னபோது எனக்கு சந்தோசமே வரவில்லை. வெளியே பெஞ்சில் ஜோதி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. என்ன முகத்தை வைத்துக்கொண்டு வெளியே போவது? அம்மாதான் போய்ச் சொன்னார். "நல்லது" என்றாளாம்.

இரவில் அந்தக் கருவி வேலை செய்யாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு புதுப் பயம் பிடித்துக்கொண்டது. பழைய பயம் போனதும் ஒரு நாள்கூட இடத்தைக் காலியாக வைக்கவில்லை.

மார்ச் 18

பேசிவிட்டாள்.

சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். போனைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். லீக் போட்ட ஸ்டாட்ஸ் ஷீட், முதல் மேட்சினுடையது.

"எனக்கு ஒம்பது ரீபவுண்ட் போட்டிருக்க."

எனக்கு முதலில் புரியவே இல்லை. குரல் கேட்டதே போதும் போல இருந்தது.

"பத்து. மூணாவது குவார்ட்டர்ல ஒண்ணை ஏழாம் நம்பருக்குப் போட்டுட்ட. அவ அப்ப பெஞ்சுல உக்காந்திருந்தா. அது என் கைக்கு வந்த பால்."

"இருக்கும்டி. அப்ப அக்கா டேபிள்ல இல்ல, ஸ்கிரீன்ல உன் நம்பரும் இல்ல, நானாப் போட்டேன்..."

"எனக்குப் பன்னெண்டு பாயிண்ட். ரீபவுண்டும் பத்து வந்தா ரெண்டுமே ரெட்டை இலக்கம், டபுள்-டபுள். இந்த லீக்லயே முதல் டபுள்-டபுள். எனக்கு இருக்கிறது இந்த ஒரு மேட்ச்தான். இனி ஒண்ணு வரப்போறதில்ல. அதுல ஒண்ணைக்கூட விட மாட்டேன்." போனை என் கையில் திணித்தாள். "திருத்து."

ஒரு மாசத்துக்குள் வீடியோவோடு எழுதினால் திருத்துவார்கள். இன்னும் நாலு நாள் இருக்கிறது.

மார்ச் 19

சென்டரில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வீடியோவைப் பார்த்தேன். அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். முதலிலிருந்து பார்த்தேன்.

இப்படியா ஆடுவாள்? ஆறு வருசம் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் தட்டியது ஒன்றும் இது இல்லை. ரீபவுண்ட் என்று நான் ஒரு பட்டனை அழுத்துவேன். அதற்கு அவள் மூன்று பேருக்கு நடுவில் முதுகைக் கொடுத்து, எல்லாரும் இறங்குகிற நேரம் இன்னொரு தடவை எழும்புகிறாள்.

அந்த இடம் வந்தது. அவள் குனிந்து முழங்காலைப் பிடித்து நிற்கிறாள். உதடு வெளுத்திருக்கிறது. நிமிர்கிறாள், பந்தைப் பறிக்கிறாள், ஓடிப்போய்ப் போடுகிறாள். அடுத்தது எதிராளி அடித்த பந்து வளையத்தில் பட்டுத் தெறிக்கிறது. பத்தாவது. அவள்தான். சந்தேகமே இல்லை. அவள் அதற்கு மேலும் ஆடியிருந்தால் என்று நினைத்தேன், நினைக்கக்கூடாது என்று நிறுத்திக்கொண்டேன்.

காலிதா அக்காவும் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும், யார் பேர்ல போட்டாலும் அது அவ பந்து" என்றார். அனுப்பிவிட்டோம்.

மார்ச் 29

லீக்கிலிருந்து மெயில். திருத்திவிட்டார்கள். நாகஜோதி, பன்னிரண்டு பாயிண்ட், பத்து ரீபவுண்ட். அடிக்குறிப்பில் லீக்கின் முதல் டபுள்-டபுள் என்று ஒரு வரி.

மிளகாய் பறிப்புக்காக எல்லாரும் ஊருக்கு வந்திருக்கிறோம். மத்தியானம் களத்தில் காய்ந்துகொண்டிருந்த மிளகாயைக் கிளறிவிட்டு வந்து ஜோதியிடம் போனைக் கொடுத்தேன். வாசித்தாள், கீழே தள்ளித் தள்ளி மொத்த ஷீட்டையும் வாசித்தாள். "இப்பச் சரி" என்றாள்.

அய்யா வேட்டியை உதறிக்கொண்டே வந்து என்ன பார்க்கிறீர்கள் என்றார். அன்றைய மேட்ச் கணக்கு என்றேன்.

"ஏத்தா, அன்னைக்கு ஜெயிச்சது யாரு?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அய்யா அன்று கூட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பாதியில் மகளைப் பார்க்க ஓடியவர், அதற்குப் பிறகு யாரும் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

"தோத்துட்டோம்யா" என்றாள் ஜோதி. "நான் உள்ள இருக்கிற வரைக்கும் நம்மதான் முன்னாடி. என்னை எடுத்தாக, போச்சு."

சொல்லும்போது என்னைத்தான் பார்த்தாள். நானும் பார்வையைத் திருப்பவில்லை. அவள் சொன்னது உண்மை. ஷீட்டில் இருக்கிறது, அவள் இருந்த வரை நாங்கள் பதினாலு பாயிண்ட் முன்னால்.

"ஆமா" என்றேன். "நான்தான் எடுத்தேன்."

ஜோதி போனை என்னிடம் நீட்டினாள். "பசிக்கிதுக்கா, சோறு போடு" என்றாள்.